கிளிக்குப் பக்கத்தில் கொய்யாப்பழம்: பட அட்டை விளையாட்டுகள் குறித்து வாசகர் கேள்விகள்

மூன்று வயது முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளின் தருக்கச் சிந்தனைக்கு உதவும் பட அட்டை விளையாட்டுகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கியிருக்கிறோம். பெயர்களை விட்டுவிட்டு ஊர்களை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: என் மகளுக்கு நான்கரை வயது. கடையில் வாங்கிய ‘லாஜிக் கார்டு’ பெட்டியில் மேலே கிளி, கீழே காகமும் கொய்யாப்பழமும் உள்ள ஓர் அட்டை இருக்கிறது. ‘கிளியோடு சேர்வது எது?’ என்று கேட்டால் அவள் கொய்யாப்பழத்தைக் காட்டுகிறாள். அட்டையின் பின்புறம் ‘காகம்’ என்று விடை அச்சடித்திருக்கிறது. மாட்டோடு ஆட்டைச் சேர்க்காமல் புல்லைச் சேர்க்கிறாள். அவளுக்கு யோசிக்கத் தெரியவில்லையோ என்று கவலையாக இருக்கிறது. (ஒரு தாய், தென்காசி)

பதில்: கவலைப்பட இதில் ஒன்றுமே இல்லை. கிளி கொய்யாப்பழம் தின்பதை உங்கள் மகள் கண்ணால் பார்த்திருப்பாள். கிளியும் காகமும் ‘பறவை’ என்ற ஒரே இனம் என்பது பிறர் சொல்லித்தான் அவளுக்கு வந்து சேரும். பொருள்களை அவை ஒன்றோடொன்று கொண்டுள்ள உறவை வைத்துச் சேர்ப்பது ஒரு முறை, இனத்தை வைத்துச் சேர்ப்பது இன்னொரு முறை. இளம் குழந்தைகள் பெரும்பாலும் முதல் முறையை விரும்புகிறார்கள்.

குழந்தைகள் மட்டும் என்றும் சொல்வதற்கில்லை. சோவியத் உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா 1931, 1932 ஆம் ஆண்டுகளில் உஸ்பெகிஸ்தான் கிராமங்களுக்குச் சென்று, எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிகளிடம் சுத்தியல், ரம்பம், கைக்கோடரி, மரக்கட்டை ஆகிய நான்கின் படங்களைக் காட்டி, சேராதது எது என்று கேட்டார். நான்கும் சேரும் என்றார்கள் பலர். மற்ற மூன்றும் கருவிகள் என்று எடுத்துச் சொன்ன பிறகும், கட்டை இல்லாமல் கருவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். ஓரளவு பள்ளிப் படிப்பைப் பெற்றவர்களோ கருவிகளைத் தனியாகப் பிரித்தார்கள். இனவாரியாகப் பிரிப்பது பள்ளியோடு வரும் பழக்கம் என்பதையும், அந்தப் பழக்கம் இல்லாதவரை அறிவில் குறைந்தவராக எண்ணக் கூடாது என்பதையும் இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

ஆகவே முதல் வேலையாக, பின்புறம் உள்ள விடையின் மேல் ஒரு தாளை ஒட்டிவிடுங்கள். இந்த வகை அட்டைகளில் எனக்குள்ள பெரிய மனக்குறையே அந்த ஒற்றை விடைதான். மகள் கொய்யாவைக் காட்டியதும் ‘ஏன்?’ என்று கேளுங்கள். அவள் காரணம் சொன்ன பிறகு, ‘சரி, வேறு எப்படிச் சேர்க்கலாம்?’ என்று கேளுங்கள். அட்டையை எங்கே வைத்தாள் என்பதைக் காட்டிலும், வைத்ததற்கு என்ன காரணம் சொல்கிறாள் என்பதும், அந்தக் காரணத்தை அவளே சோதித்துப் பார்க்கிறாளா என்பதும்தான் தருக்கத்துக்கு அடிப்படை.

அந்தச் சோதனை எப்படி நடக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கிளி, கொய்யாப்பழம், வாழையிலை, தவளை, காகம், பலாப்பழம், மீன், பேருந்து ஆகிய எட்டு அட்டைகளைத் தரையில் பரப்பி, விருப்பம்போல் குவியல் போடச் சொல்லுங்கள். கிளி, கொய்யா, இலை, தவளை நான்கையும் ஒன்றாக்கி ‘எல்லாம் பச்சை’ என்று அவள் சொன்னால், குவியலில் உள்ள ஒவ்வோர் அட்டையையும் தொட்டுத் தொட்டு, ‘இது பச்சையா? இது?’ என்று அவளையே சரிபார்க்கச் சொல்லுங்கள். பிறகு வெளியே இருப்பவற்றைக் காட்டி, ‘இங்கே ஏதாவது பச்சை விட்டுப்போயிருக்கிறதா?’ என்று கேளுங்கள். பலாப்பழத்தின் தோலும் பச்சைதானே என்று அவளே கண்டுபிடித்தால் அதைப் பாராட்டுங்கள். சொன்ன விதி உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் பொருந்த வேண்டும், வெளியே இருக்கும் எதற்கும் பொருந்தக் கூடாது என்ற இரண்டு சோதனைகளையும் ஒரு குழந்தை தானாகவே செய்யத் தொடங்கிவிட்டால், அதற்கு மேல் ‘பறவை’, ‘பழம்’ என்ற இனப் பெயர்களைக் கற்பது எளிது.

கேள்வி: மூன்று வயதுப் பேரன் அட்டைகளை நிறவாரியாகப் பிழையின்றிப் பிரிக்கிறான். ‘இப்போது நிறம் வேண்டாம், படத்தைப் பார்த்துப் பிரி’ என்றால் தலையாட்டிவிட்டு மறுபடியும் நிறத்தையே பார்த்துப் போடுகிறான். பிடிவாதமா, கவனக்குறைவா? (ஒரு தாத்தா, மதுரை)

பதில்: இரண்டும் இல்லை. உங்கள் வீட்டில் நடப்பதைப் போன்றதொரு சோதனையையே உளவியலாளர் பிலிப் ஸெலாஸோவும் அவருடைய குழுவினரும் 1990-களில் வகுத்து, பல குழந்தைகளிடம் நடத்திப் பார்த்திருக்கிறார்கள். முதலில் ஒரு விதிப்படியும், பிறகு இன்னொரு விதிப்படியும் அதே அட்டைகளைப் பிரிக்கச் சொல்வது அந்தச் சோதனை. மூன்று வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் முதல் விதியை விட்டு நகர்வதில்லை. வியப்பு என்னவென்றால், புதிய விதி என்ன என்று கேட்டால் வாயால் சரியாகச் சொல்லிவிடுவார்கள். கை மட்டும் பழைய இடத்துக்கே போகும். நான்கு, ஐந்து வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்த மாற்றம் கைகூடிவிடுகிறது.

விதியை மாற்றும்போது, பழைய பெட்டிகளை எடுத்து வைத்துவிட்டு வேறு இரண்டு தட்டுகளைக் கொண்டுவாருங்கள். ஒவ்வோர் அட்டையையும் நீட்டும்போது ‘இது என்ன?’ என்று கேட்டு, ‘மீன்’ என்று அவன் வாயால் சொன்ன பிறகே போடவிடுங்கள். ‘சிவப்பு மீன்’ என்று நீங்களே சொல்லிக் கொடுத்தால் அவன் மனம் சிவப்பிலேயே நிற்கும். நான்கைந்து நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். அதட்டுவதால் எந்தப் பயனும் இல்லை, அவனுக்கு விளையாட்டு வெறுத்துப்போவதைத் தவிர.

கேள்வி: எங்கள் அங்கன்வாடியில் இருபத்தைந்து குழந்தைகள் இருக்கிறார்கள். விலை கொடுத்து அட்டைகள் வாங்க வழியில்லை. நாங்களே எப்படிச் செய்துகொள்வது? (ஓர் அங்கன்வாடிப் பணியாளர், விருதுநகர் மாவட்டம்)

பதில்: சிவகாசியும் சாத்தூரும் உள்ள உங்கள் மாவட்டத்தில் பட அட்டைக்கா பஞ்சம்? தீப்பெட்டிப் படங்களைச் சேர்த்து வைத்து விளையாடிய தலைமுறை இன்னும் உங்கள் ஊர்களில் இருக்கிறது. விலங்கு, பறவை, பூ, வண்டி என்று விதவிதமாக வரும் அந்தப் படங்கள், முதல் பதிலில் சொன்ன குவியல் விளையாட்டுக்கு மிகவும் ஏற்றவை. கல்யாணப் பத்திரிகைகளின் தடித்த தாளில் ஒட்டிவிட்டால் ஓராண்டு தாங்கும்.

ஆனால் தருக்கத்துக்கென்று ஒரு கட்டு அட்டை தனியாகச் செய்ய வேண்டும், அதை வரைந்துதான் ஆக வேண்டும். மீன், இலை, குடம் என்று மூன்று படங்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று நிறங்கள். பெரியது, சிறியது என்று இரண்டு அளவுகள். எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் சேர்த்தால் 3 × 3 × 2 = 18 அட்டைகள். எந்தச் சேர்க்கையும் விடுபடாமலும் எதுவும் இருமுறை வராமலும் இருப்பதே இந்தக் கட்டின் உயிர். கணிதவியலாளர் சோல்டான் டீன்ஸின் பெயரால் வழங்கும் தருக்கக் கட்டைகளும் இதே முறையில் அமைந்தவை: நான்கு வடிவம், மூன்று நிறம், இரண்டு அளவு, இரண்டு தடிமன், ஆக 48 கட்டைகள். வரையும்போது ஓர் எச்சரிக்கை: அட்டையில் ஓர் அளவுக்கு ஒரே அச்சை வெட்டி வைத்துக்கொண்டு அந்த அளவு மீன்களை எல்லாம் அதைக் கொண்டே வரையுங்கள். ஒரு மீன் இடப்புறமும் இன்னொன்று வலப்புறமும் பார்த்தால், நீங்கள் கவனிக்காத அந்த வேறுபாட்டைக் குழந்தைகள் கவனித்து, அதை வைத்துப் பிரித்துவிடுவார்கள்.

இந்த 18 அட்டைகளை வைத்து ஆடக்கூடியவற்றுள் எளிமையானது ரயில் விளையாட்டு. முதல் பெட்டியாகப் பெரிய சிவப்பு மீன். அடுத்த பெட்டி அதிலிருந்து ஒன்றே ஒன்றில்தான் வேறுபட வேண்டும்: பெரிய சிவப்பு இலையை வைக்கலாம், சிறிய சிவப்பு மீனை வைக்கலாம், சிறிய நீல மீனை வைக்கக் கூடாது. இது பழகிவிட்டால் ‘இரண்டில் வேறுபட வேண்டும்’ என்று விதியை மாற்றிக்கொள்ளலாம்.

ஒளித்து வைக்கும் விளையாட்டும் நன்றாக இருக்கும். யாரும் பார்க்காதபோது ஓர் அட்டையை எடுத்து ஒளித்துவிட்டு, எது போனது என்று கேளுங்கள். முதலில் குழந்தைகள் நினைவை நம்பி ஆளுக்கொன்று சொல்வார்கள். யாராவது ஒரு பிள்ளை அட்டைகளை வரிசை வரிசையாக அடுக்கிப் பார்க்கும்வரை விட்டுவிடுங்கள். ஒரு வாரம் ஆனாலும் நீங்களாகச் சொல்லிக் கொடுக்காதீர்கள். அடுக்கியதும் காலியான கட்டம் கண்ணுக்குத் தெரியும், பார்க்காத அட்டையை ‘சின்ன மஞ்சள் குடம்’ என்று பெயர் சொல்லி அழைப்பார்கள்.

ஐந்து வயதை ஒட்டிய குழந்தைகளுக்கு வட்ட விளையாட்டு. தரையில் சாக்பீஸால் தனித்தனியாக இரண்டு வட்டங்கள் போட்டு, ஒன்றில் சிவப்பு அட்டைகள் எல்லாம், இன்னொன்றில் மீன்கள் எல்லாம் என்று சொல்லிவிடுங்கள். சிவப்பு மீன் வரும்போது சண்டை தொடங்கும். இரண்டு வட்டத்துக்கும் நடுவே வைப்பார்கள். அப்படியானால் அது எந்த வட்டத்திலும் இல்லையே என்று நீங்கள் கேட்க வேண்டும். வட்டங்களை அழித்து, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வரையலாம் என்ற யோசனை அவர்களிடமிருந்தே வந்தால் அன்றைய பாடம் பெரும் பாடம். வராவிட்டால் மறுநாள் நீங்களே இரண்டு கயிற்று வளையங்களைக் கொண்டுவந்து போடுங்கள், கயிறு நகரக்கூடியது என்பதால் யாராவது ஒருவர் நகர்த்திப் பார்ப்பார்.

இருபத்தைந்து பேர் ஒரு கட்டைச் சுற்றி உட்கார முடியாது. ஐந்து கட்டுகள் செய்து, ஐவர் ஐவராக உட்கார வையுங்கள்.

கேள்வி: இந்த அட்டைகளால் குழந்தையின் ஐ.க்யூ. கூடும் என்று பெட்டியின் மேலேயே போட்டிருக்கிறார்களே, உண்மையா? (திருப்பூர், சேலம், வேலூர் வாசகர்கள்)

பதில்: அதை நம்பி வாங்க வேண்டாம். ஒரு விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஆடினால் அந்த விளையாட்டிலும் அதை ஒத்த வேலைகளிலும் குழந்தை தேறும். பொதுவான அறிவுத்திறனே அதனால் உயர்ந்துவிடும் என்பது நிறுவப்படவில்லை. காரணம் சொல்லிப் பேசும் பழக்கமும், விதியை ஏற்று நடக்கும் பொறுமையும் வருகின்றன; எனக்கு அது போதுமானதாகப் படுகிறது.

கேள்வி: ஏழு வயது மகளோடு ‘மனதில் நினைத்த அட்டை எது?’ என்று ஆடுகிறோம். ஆம், இல்லை என்றுதான் பதில் சொல்வோம். அவள் எப்போதும் ‘யானையா? ரயிலா?’ என்று ஒவ்வொன்றாகவே கேட்கிறாள். எப்படித் திருத்துவது? (ஒரு தந்தை, சென்னை)

பதில்: அந்த வயதில் அது இயல்பு. மோஷர், ஹார்ன்ஸ்பி என்ற இரு ஆய்வாளர்கள் 42 படங்களை வைத்து இதே விளையாட்டைக் குழந்தைகளோடு ஆடி, 1966-இல் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆறு வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் ஒவ்வொரு படமாகக் குறிவைத்தார்கள்; பதினோரு வயதுக் குழந்தைகள் ‘உயிருள்ளதா?’ என்பதுபோல் கூட்டத்தையே பாதியாகக் குறைக்கும் கேள்விகளைக் கேட்டார்கள். எட்டு வயதினர் இரண்டுக்கும் இடையில் இருந்தார்கள்.

‘இப்படிக் கேட்கக் கூடாது’ என்று சொல்வதால் பயனில்லை. எப்போதாவது ஒரு முறை ‘யானையா?’ என்ற கேள்வி பலித்துவிடும், அந்த மகிழ்ச்சிக்கு முன்னால் உங்கள் அறிவுரை எடுபடாது. 16 அட்டைகளை முகம் தெரிய வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கேள்வியையும் கேட்பதற்கு முன்பு, ‘ஆம் என்றால் எத்தனை அட்டையைக் கவிழ்க்கலாம், இல்லை என்றால் எத்தனை?’ என்று அவளையே எண்ணச் சொல்லுங்கள். ‘யானையா?’ என்பதற்கு இல்லை என்று பதில் வந்தால் ஒரே ஓர் அட்டைதான் கவிழும். ‘நான்கு கால் உள்ளதா?’ என்று கேட்டு, நான்கு கால் உள்ளவை சரியாக எட்டு இருந்தால், எந்தப் பதில் வந்தாலும் எட்டு கவிழும். 16, 8, 4, 2, 1 என்று நான்கே கேள்விகளில் எந்த அட்டையையும் பிடித்துவிடலாம். கவிழும் அட்டைகளைக் கையால் தொட்டு எண்ணும் குழந்தை தன் கேள்வியைத் தானே மாற்றிக்கொள்ளும்.

கேள்வி: அக்காவும் தம்பியும் ஜோடி தேடும் அட்டை ஆடுகிறார்கள், அதாவது கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஒரே மாதிரி இரண்டை எடுப்பது. இது தருக்கத்தை வளர்க்குமா? (ஒரு தாய், நாகர்கோவில்)

பதில்: அது நினைவாற்றலுக்கான விளையாட்டு, நல்ல விளையாட்டு, தம்பி அக்காவைத் தோற்கடிக்கக்கூடிய அரிய விளையாட்டுகளுள் ஒன்று. தருக்கம் வேண்டுமானால், ஒரே மாதிரி இரண்டு அட்டைகளை வைக்காமல் எல்லாம் வெவ்வேறாக வைத்து, எடுத்த இரண்டையும் சேர்க்கும் ஒரு காரணத்தைச் சொன்னால் ஜோடி கிடைக்கும் என்று விதியை மாற்றுங்கள். காரணத்தை எதிராளி ஏற்க வேண்டும்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து அண்ணன் அனுப்பிய வட்ட அட்டை விளையாட்டில் எந்த இரண்டு அட்டையை எடுத்தாலும் ஒரே ஒரு படம் பொதுவாக இருக்கிறது. இது எப்படிச் சாத்தியம்? ஆறு வயது மகனுக்கு இது ஏற்றதா? (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: ஐரோப்பாவில் ‘டாபிள்’ என்றும் அமெரிக்காவில் ‘ஸ்பாட் இட்’ என்றும் விற்கப்படும் விளையாட்டு அது, 2009-இல் பிரான்சில் வெளிவந்தது. 55 அட்டைகள், ஒவ்வொன்றிலும் 8 படங்கள், மொத்தம் 57 வகைப் படங்கள். எந்த இரண்டு கோடுகளும் ஒரே ஒரு புள்ளியில்தான் வெட்டிக்கொள்ளும் ஒரு வடிவியல் அமைப்பில், கோடுகளை அட்டைகளாகவும் புள்ளிகளைப் படங்களாகவும் எடுத்துக்கொண்டால் இந்தக் கட்டு கிடைக்கும். கணக்குப்படி 57 அட்டைகள் வரை செய்யலாம். விற்பனைக்கு வருவதில் இரண்டு குறைவு.

அதே அமைப்பின் மிகச் சிறிய வடிவத்தை வீட்டிலேயே செய்யலாம். ஏழு படங்கள், ஏழு அட்டைகள், ஒவ்வொன்றிலும் மூன்று படங்கள்: மயில், மாங்காய், குடை; மயில், தேர், ஆமை; மயில், விளக்கு, படகு; மாங்காய், தேர், விளக்கு; மாங்காய், ஆமை, படகு; குடை, தேர், படகு; குடை, ஆமை, விளக்கு. இவற்றில் எந்த இரண்டை எடுத்தாலும் ஒன்றே ஒன்று பொதுவாக இருப்பதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகனுக்கு ஏற்றதா என்றால், ஆடலாம். ஆனால் அந்த விளையாட்டின் தருக்கம் அதைச் செய்தவருக்குச் சொந்தம். ஆடுபவருக்குக் கண்ணின் வேகம்தான் வேண்டும். ஆகவே கடையில் வாங்கியதைவிட இந்த ஏழு அட்டைக் கட்டை நான் பரிந்துரைப்பேன், அதுவும் ஆறு அட்டைகளை மட்டும் கொடுத்து, ஏழாவதை அவனையே வரையச் சொல்லி. எந்தப் படங்கள் இரண்டு முறைதான் வந்திருக்கின்றன என்று எண்ணினால் விடை கிடைத்துவிடும்.

ஆடும்போதே யோசிக்க வேண்டும் என்றால் ‘செட்’ என்ற அட்டை விளையாட்டு சிறந்தது. ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களுக்கு வரும் வலிப்பு நோய் பரம்பரையாக வருகிறதா என்று ஆராய்ந்துகொண்டிருந்த மார்ஷா ஃபால்கோ, 1974-இல் தன் குறிப்பு அட்டைகளில் போட்ட அடையாளங்களிலிருந்து இதை உருவாக்கினார். வடிவம், நிறம், எண்ணிக்கை, நிரப்பு என்ற நான்கு கூறுகள், ஒவ்வொன்றும் மூன்று வகை, ஆக 81 அட்டைகள். மூன்று அட்டைகளை எடுத்தால் ஒவ்வொரு கூறிலும் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும், அல்லது மூன்றும் வெவ்வேறாக இருக்க வேண்டும். இரண்டு அட்டைகளைக் காட்டினால் மூன்றாவது எது என்பது தானாகவே தீர்மானமாகிவிடும் என்பதுதான் இதன் அழகு. ஆறு வயதுக்கு 81 அதிகம். முழுதும் வண்ணம் நிரப்பிய 27 அட்டைகளை மட்டும் பிரித்தெடுத்து, இரண்டை வைத்து ‘மூன்றாவதைக் கண்டுபிடி’ என்று தொடங்குங்கள்.

கேள்வி: கதை வரிசை அட்டைகளை ஐந்து வயது மகன் இரண்டே நாளில் மனப்பாடம் செய்துவிட்டான். பார்க்காமலே அடுக்குகிறான். இனி அந்த அட்டைகளால் பயன் உண்டா? (ஒரு தாய், திருச்சி)

பதில்: அதற்குப் பிறகுதான் உண்மையான பயனே தொடங்குகிறது. இட்லி செய்யும் வரிசையை எடுத்துக்கொள்வோம்: அரிசி ஊறுவது, உளுந்து ஊறுவது, அரிசி அரைப்பது, உளுந்து அரைப்பது, மாவு பொங்கி நிற்பது, தட்டில் ஊற்றுவது, ஆவி பறக்கும் இட்லி. இதில் அரிசியை முதலில் அரைத்தாலும் உளுந்தை முதலில் அரைத்தாலும் இட்லி வரும். ஊறாமல் அரைக்க முடியாது, பொங்காத மாவை ஊற்றினால் கல்லாகும். எந்த இரண்டு அட்டைகளை இடம் மாற்றலாம், எவற்றை மாற்றவே முடியாது, ஏன் என்று கேளுங்கள். உங்கள் வீட்டில் வழக்கமாக உளுந்தைத்தான் முதலில் போடுவீர்கள் என்பதும், ஊறிய பிறகே அரைக்க முடியும் என்பதும் இரண்டு வேறு வகையான ‘முதலில்’ என்பதை அவன் உணர்வதற்கு இது நல்ல வழி. நடுவில் ஓர் அட்டையை எடுத்துவிட்டு, அது நடக்காமல் போனால் கடைசி அட்டை எப்படி மாறும் என்று படம் வரையவும் சொல்லலாம்.

கேள்வி: இதே விளையாட்டுகள் செல்போன் செயலிகளாகவும் கிடைக்கின்றனவே? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகள் திரையின் முன் உட்காரும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட பரிந்துரை, அதனினும் குறைவாக இருந்தால் நல்லது என்றும் அது சொல்கிறது. நேரக் கணக்கை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், கிளிக்குப் பக்கத்தில் கொய்யாவை வைத்தால் பெரும்பாலான செயலிகள் ‘தவறு’ என்று ஒலி எழுப்பிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடும். குழந்தையிடம் காரணம் கேட்க ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்றால் செயலியையும் பயன்படுத்தலாம். பயணத்தில், மருத்துவமனையில் காத்திருக்கையில் அப்படிச் செய்வதில் தவறில்லை. ஒலியை மட்டும் அணைத்துவிடுங்கள்.